ஃபேனை நிறுத்துங்கள், சிம்பொனி தொடங்கப் போகிறது

மேற்கத்திய இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலரின் முதல் சிம்பொனியை முதன்முதலில் போட்டபோது, பாட்டு ஓடவே இல்லை என்று நினைத்தேன். மே மாதம். வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு முன்னறை. தலைக்கு மேலே ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மேசைமேல் ஒரு சின்ன புளூடூத் ஸ்பீக்கர். ஒரு நிமிடம் ஆயிற்று, ஒன்றும் கேட்கவில்லை. ஒலியைக் கூட்டினேன், இன்னும் கூட்டினேன். எங்கோ மெல்லிய கீச்சு மாதிரி ஏதோ இருந்தது. கோப்பு கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து நிறுத்திவிட்டேன். அப்புறம் இரண்டு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை.

கோப்பு நன்றாகத்தான் இருந்தது. அந்தக் கீச்சுதான் சிம்பொனியின் தொடக்கம். வயலின் முதல், ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பாஸ் வரை எல்லாத் தந்தி வாத்தியங்களும் ஒரே ஒரு ஸ்வரத்தை ஏழு ஸ்தாயியில் பிடித்துக்கொண்டு, மூச்சு விடுகிற அளவுக்கு மெதுவாக வாசிக்கிற இடம் அது. என் ஃபேன் அதை முழுசாக விழுங்கிவிட்டது.

இந்த இசை பிடிக்காமல் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையில் இசை பிடிக்காமல் போகவில்லை, அது காதுக்கே போய்ச் சேரவில்லை என்பது என் எண்ணம். அதனால் இந்த வழிகாட்டியில் பாதி, வீட்டைத் தயார் செய்வது பற்றி. மீதிப் பாதி, 55 நிமிடம் உட்கார்ந்து எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது என்பது பற்றி. இசை படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு ச, அதற்குக் கீழே ஒரு ப, இவ்வளவு பாடத் தெரிந்தால் போதும்.

எதைக் கேட்கப் போகிறோம்

நம் ஊரில் ஆர்க்கெஸ்ட்ரா என்றால் திருவிழா மேடையில் சினிமாப் பாட்டு பாடும் குழு. இங்கே சொல்வது வேறு. ஏறக்குறைய 100 பேர், முன்னால் நின்று நடத்துகிற ஒருவர், எல்லார் முன்னாலும் எழுதப்பட்ட இசைத்தாள். சிம்பொனி என்பது அவர்களுக்காக எழுதப்படும் பெரிய படைப்பு, வழக்கமாக நான்கு பகுதிகள். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறிய பிறகு, 'எங்கே ஆரம்பிக்கலாம்' என்று என்னிடம் கேட்கிறவர்கள் அதிகமாகியிருக்கிறார்கள். எல்லாருக்கும் நான் சொல்வது மாலரின் முதல் சிம்பொனி.

மாலர் 1860-இல் பொஹீமியாவில் பிறந்தார், இன்றைய செக் நாடு. வளர்ந்தது இக்லௌ என்ற ஊரில். அங்கே ராணுவ முகாம் இருந்தது, பேண்டு வாத்தியம் தெருவில் போகும், சுற்றுக் கிராமங்களின் ஆட்டப்பாட்டும் காதில் விழும். அவருடைய அப்பா மதுக்கடை வைத்திருந்தார். இந்தச் சத்தமெல்லாம் பிற்பாடு அவருடைய சிம்பொனிகளுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. முதல் சிம்பொனியை 1888-இல் எழுதி முடித்தார். 1889 நவம்பர் 20 அன்று புடாபெஸ்டில் அவரே நடத்தினார். அப்போது அதில் ஐந்து பகுதிகள் இருந்தன, பிறகு ஒன்றை எடுத்துவிட்டார். இன்று நாம் கேட்கிற நான்கு பகுதி வடிவம் 1896-இல் பெர்லினில் வந்தது.

பீத்தோவன் இருக்கும்போது ஏன் இவர் என்று கேட்கலாம். இந்த சிம்பொனியில் நம் காதுக்குக் கைப்பிடிகள் தயாராக இருக்கின்றன. சுருதி இருக்கிறது, குயில் இருக்கிறது, சாவு மேளம் இருக்கிறது.

முதலில் நேரம்

வேலூரில் அமைதி தானாகக் கிடைக்காது, தேடி எடுக்க வேண்டும். நெடுஞ்சாலைப் பக்கம் வீடு என்றால் லாரி. காட்பாடி ஜங்ஷன் பக்கம் என்றால் கூட்ஸ் வண்டி. ஆடி மாதம் கூழ் வார்க்கும் வாரங்களில் முயற்சியே வேண்டாம். மார்கழி விடியற்காலையும் சரிவராது, கோயில் ஸ்பீக்கர் உங்களுக்கு முன்னாலேயே எழுந்துவிடும்.

எனக்குத் தெரிந்து மிக நல்ல நேரம் தை, மாசி மாதங்களில் விடியற்காலை 4 மணி. குளிர் இருக்கும், ஃபேன் தேவையில்லை, தெருநாய்கூடச் சுருண்டு படுத்திருக்கும். பால்காரர் வருவதற்குள் முடிந்துவிடும்.

கோடையில்தான் கேட்டாக வேண்டும் என்றால் இரவு 11 மணிக்கு மேல். சாயங்காலமே மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்துவிடுங்கள். அரை மணி நேரம் ஃபேன் போட்டு அறையைக் கொஞ்சம் ஆற்றிவிட்டு, பிறகு நிறுத்துங்கள். முழு 55 நிமிடமும் வேக வேண்டாம். முதல் பகுதி ஏறக்குறைய 16 நிமிடம், அதற்கு மட்டும் ஃபேன் இல்லாமல் இருங்கள். இரண்டாம் பகுதி சத்தமாகவே போகும், மெதுவாக ஃபேன் ஓடலாம். மூன்றாம் பகுதி தொடங்கும்போது மறுபடி நிறுத்துங்கள். நான்காம் பகுதியில் எந்த ஃபேனும் எதையும் மறைக்க முடியாது. ரெகுலேட்டருக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டால் எழுந்து நடக்கும் வேலை இல்லை.

ஃபேனைப் பற்றி இவ்வளவு பேசுகிறேனே என்று தோன்றினால், போனில் ஒலியளவு காட்டும் செயலி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ஃபேன் ஓடும்போது ஒரு எண், நின்றபிறகு ஒரு எண். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் முதல் நான்கு நிமிட இசை இருக்கிறது.

அப்புறம் கருவி

விலையுயர்ந்த எதுவும் வேண்டாம். ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குள் ஒயர் வைத்த நல்ல இயர்போன் கிடைக்கும். போனில் இயர்போன் துளை இல்லையென்றால் சார்ஜர் துளையில் செருகுகிற சின்ன மாற்றி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தொடக்கத்துக்கு அதுவே தாராளம்.

புளூடூத் கெட்டது என்று சொல்ல மாட்டேன். சி.டி.யில் ஒரு விநாடிக்கு 1411 கிலோபிட் தகவல் இருக்கிறது, சாதாரண புளூடூத் முறை அதைச் சுமார் 328-க்குள் சுருக்கி அனுப்புகிறது. சினிமாப் பாட்டில் இது தெரியாது. சிம்பலின் ஓசை தேய்ந்து மறைகிற இடத்தில், தந்திகள் மினுங்குகிற இடத்தில் கவனித்தால் தெரியும். ஆனால் புளூடூத்தை விடப் பெரிய வில்லன்கள் உங்கள் போனின் அமைப்புகளுக்குள் இருக்கிறார்கள். அவற்றை அணைக்கக் காசு செலவில்லை.

பாட்டுச் செயலியைத் திறந்து அமைப்புகளுக்குப் போங்கள். 'நார்மலைசேஷன்' என்றோ எல்லாப் பாட்டுக்கும் ஒரே ஒலியளவு என்றோ ஒன்று இருக்கும், அதை அணையுங்கள். ஈக்வலைசரை அணையுங்கள். போன் தானே சேர்க்கும் 'சரவுண்ட்', 'பாஸ் பூஸ்ட்' போன்றவற்றையும் அணையுங்கள். ஒரு பாட்டு முடியும்போதே அடுத்த பாட்டைக் கலந்துவிடும் 'கிராஸ்ஃபேட்' கட்டாயம் நிற்க வேண்டும். மூன்றாம் பகுதி முடிவதும் நான்காம் பகுதி தொடங்குவதும்தான் இந்த சிம்பொனியின் மிகப் பெரிய இடம். அதைக் கலந்துவிட்டால் எல்லாம் போயிற்று. இணையத்தில் கேட்பதானால் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு, போனை விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள். கட்டணமில்லாத கணக்கில் பகுதிகளுக்கு நடுவே விளம்பரம் வந்தால் அன்றைய இரவு பாழ்.

ஹை ஃபிடிலிட்டி என்பதைப் பலரும் 'கணீர் என்று கேட்பது' என்று புரிந்துகொண்டிருக்கிறார்கள். மூலத்துக்கு விசுவாசமாக இருப்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். மெதுவாக வாசித்தது மெதுவாகவே இருக்க வேண்டும், இடி மாதிரி வாசித்தது இடி மாதிரியே இருக்க வேண்டும். பஸ்ஸில், ஆட்டோவில், கல்யாண மண்டபத்தில் கேட்க வேண்டும் என்பதால் சினிமாப் பாட்டில் மெல்லிய இடத்தைத் தூக்கியும் உரத்த இடத்தை அமுக்கியும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வைத்திருப்பார்கள். அது ஒரு நியாயமான வேலைதான். சிம்பொனிப் பதிவில் அப்படிச் செய்வதில்லை. சி.டி.யின் 16 பிட் முறையில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே 96 டெசிபல் (ஒலியளவின் அலகு) இடைவெளி வரை வைக்க முடியும். அந்த இடைவெளியை மாலர் போல் அள்ளிச் செலவு செய்தவர்கள் குறைவு.

இன்னொன்றும் உண்டு. இந்தப் பதிவுகளில் கேட்பது வாத்தியம் மட்டும் இல்லை, மண்டபமும்தான். இங்கிலாந்தின் டெக்கா நிறுவனத்தின் பொறியாளர்கள் 1954 வாக்கில், நடத்துநருக்கு மேலே மூன்று மைக்குகளை மரக்கிளை மாதிரி தொங்கவிடும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு வாத்தியத்தின் வாயிலும் மைக் வைக்காமல், மேலே நின்று மொத்தக் கூட்டத்தையும் கேட்பது அது. அதனால்தான் ஹார்ன் என்ற பித்தளை ஊதுவாத்தியம் தூரத்தில் ஒலிக்கிறது, வயலின் பக்கத்தில் ஒலிக்கிறது. தூரத்தில் ஒலிப்பதைப் 'பதிவு சரியில்லை' என்று நினைத்துவிடாதீர்கள்.

ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்

இயர்போன்காரர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

அறை நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள். 'டங்' என்று ஓர் எதிரொலி வாலாக நீண்டால் அந்த அறை இசையைக் குழப்பும். டைல்ஸ் தரை, வெறுஞ்சுவர், கான்கிரீட் கூரை என்றிருக்கும் நம் வீடுகளில் இது சகஜம். தரையில் ஜமக்காளம் விரியுங்கள். எதிர்ச்சுவரில் கனமான போர்வை ஒன்றைத் தொங்கவிடுங்கள். துணி அடுக்கிய அலமாரியும் புத்தக அலமாரியும் நல்ல நண்பர்கள். இரும்பு பீரோதான் எதிரி. பாஸ் டிரம் அடிக்கும்போது அதன் கதவு கடகடவென்று ஆடும். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே மடித்த துணியைச் செருகிவிடுங்கள். பரண்மேல் பாத்திரம் இருந்தால் அதையும் பாருங்கள்.

இரண்டு ஸ்பீக்கரையும் சுவரை விட்டு ஒரு முழமாவது முன்னால் இழுத்து, காது உயரத்துக்கு வையுங்கள். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரத்தில் நீங்கள் உட்காருங்கள். வேறு எதுவும் வேண்டாம். விலை அதிகமான கேபிள் வாங்கச் சொல்பவர்களிடம் அந்தக் காசுக்கு இன்னும் நான்கு பதிவுகள் வாங்கலாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஒலியளவு, ஒரே ஒரு முறை

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி.

சிம்பொனியை முதலிலிருந்து தொடங்காதீர்கள். நான்காம் பகுதிக்குப் போய் முதல் அரை நிமிடத்தை மட்டும் போடுங்கள். சிம்பல் மோதும், மொத்தக் கூட்டமும் அலறும். ஒலியைக் குறைவாக வைத்துக்கொண்டு ஆரம்பித்து, காது கூசாத, ஆனால் உடம்பு லேசாக நிமிர்கிற அளவுக்குக் கூட்டுங்கள். அங்கே நிறுத்துங்கள். அதுதான் இன்றைய அளவு. இப்போது முதல் பகுதிக்குத் திரும்பிவந்து தொடங்குங்கள். முடியும்வரை அந்தப் பொத்தானைத் தொடக் கூடாது.

மெல்லிய இடத்தைக் கேட்பதற்காக நான் அன்று செய்த மாதிரி கூட்டிக்கொண்டே போனால், 35 நிமிடம் கழித்து நான்காம் பகுதி காதிலேயே அறையும். இயர்போனில் இது வெறும் பேச்சு இல்லை. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம் வரை தாங்கலாம் என்பது தொழிற்சாலைகளுக்கான பாதுகாப்புக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகிறது. அதனால் உரத்த இடத்தை வைத்து அளவைப் பிடியுங்கள், மெல்லிய இடத்துக்கு அமைதியைக் கொடுங்கள்.

ச, கீழ்ப் ப

தொடங்குவதற்கு முன் ஒரே ஒரு பயிற்சி. உங்களுக்கு வசதியான சுருதியில் ச பாடுங்கள். அங்கிருந்து ச நி த ப என்று கீழே இறங்குங்கள். இப்போது நடுவிலுள்ளதை விட்டுவிட்டு, ச-விலிருந்து நேராகக் கீழ்ப் ப-வில் குதியுங்கள். ச... ப. நான்கைந்து முறை பாடி மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பாட்டுப் பழக்கமே இல்லையென்றால் பக்கத்து வீட்டில் பாட்டு கற்கும் பிள்ளையைக் கூப்பிட்டுப் பாடச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை.

மேற்கத்திய இசையில் இந்த இறக்கத்தை நான்காம் இடைவெளி என்பார்கள். இந்த சிம்பொனியின் நான்கு பகுதிகளும் இந்த ஒரு குதியின்மேல்தான் நிற்கின்றன. வேறு எதையும் கவனிக்காவிட்டாலும் இதை மட்டும் தேடிக்கொண்டே இருங்கள். தொலைந்துபோக மாட்டீர்கள்.

இப்போது கேளுங்கள்

முதல் பகுதி. விளக்கை அணைத்துவிடுங்கள். கேட்கிற முதல் ஒலி, தம்புரா மாதிரி அசையாமல் நிற்கும் ஒற்றை ஸ்வரம். புடாபெஸ்டில் முதலில் வாசித்தபோது அது மாலருக்கு மிகவும் கனமாகப் பட்டதாம். அவர் நினைத்தது விடியற்காலைக் காற்றின் மினுமினுப்பு. அதனால் தந்தியை முழுதாக அழுத்தாமல், விரலால் லேசாகத் தொட்டு எழுப்பும் கண்ணாடி போன்ற ஒலிக்கு மாற்றினார். வீணையோ வயலினோ பழகியவர்களுக்கு அந்த ஒலி தெரியும். இசைத்தாளில் அந்த இடத்துக்கு மேலே இயற்கையின் ஓசை போல வாசிக்க வேண்டும் என்று குறித்திருக்கிறார்.

அந்தச் சுருதிக்கு நடுவே குழல் வாத்தியங்கள் மெதுவாக ஒரு குதி குதிக்கும். ச, ப. பிடித்துவிட்டீர்கள். கொஞ்ச நேரத்தில் மிகத் தொலைவிலிருந்து ட்ரம்பெட் கேட்கும். அந்த வாசிப்பாளர்களை மேடைக்கு வெளியே, வெகுதூரத்தில் நிற்க வைக்கச் சொல்கிறார் மாலர். நல்ல பதிவா என்று பார்க்க இதுவே உரைகல். ட்ரம்பெட் ஒலி மெதுவாக மட்டும் இருந்தால் போதாது, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற மாதிரி இருக்க வேண்டும். கோட்டை அகழிக்கு இந்தக் கரையில் நின்று, உள்ளே யாரோ ஊதுவதைக் கேட்பதுபோல.

பிறகு குயில் வரும், கிளாரினெட்டில். நம் ஊர்க் குயிலைத் தேடாதீர்கள். நம் குயில் கூவக் கூவ மேலே ஏறும், சித்திரையில் விடிவதற்கு முன்பே கேட்டிருப்பீர்கள். ஐரோப்பியக் குயில் கீழே இறங்கும். அதுவும் சாதாரணமாக இவ்வளவு தூரம் இறங்காது. மாலர் வேண்டுமென்றே அதை நம் ச–ப அளவுக்கு இழுத்துவிட்டார்.

ஏறக்குறைய நான்காம் நிமிடத்தில் செல்லோ, வயலினின் பெரிய அண்ணன், ஒரு பாட்டை எடுக்கும். அதன் முதல் இரண்டு ஸ்வரமே அந்தக் குயிலின் குதி. இந்த இடத்தில் நடப்பதை நம் ஆட்களால் சட்டென்று புரிந்துகொள்ள முடியும். இவ்வளவு நேரம் ச என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த சுருதி, இப்போது ப ஆகிவிடுகிறது. புதிய ச அதற்குக் கீழே வந்து உட்காருகிறது. கிரக பேதம் செய்கிற வித்வான் ஆதார சுருதியை நகர்த்தும்போது மனதுக்குள் ஒரு தளம் இறங்குமே, அதேதான். எனக்கு அந்த ஒரு நொடிக்காகவே விடியற்காலையில் எழத் தோன்றும்.

அந்தச் செல்லோ மெட்டு மாலர் முன்பே எழுதிய ஒரு பாட்டிலிருந்து வந்தது. காலையில் வயல்வெளியில் நடந்துபோகும் ஒருவன் பாடுகிற பாட்டு. 1905-இல் பியானோ வாசிப்பைத் துளைகளாகப் பதியும் காகிதச் சுருளில் மாலர் தன் கையாலேயே அந்தப் பாட்டை வாசித்துப் பதிந்திருக்கிறார். அவர் நடத்திய ஆர்க்கெஸ்ட்ராவின் பதிவு ஒன்றுகூட இல்லை. ஆனால் இந்த மெட்டை அவர் விரலே வாசிக்க நாம் கேட்க முடிகிறது.

பகுதியின் நடுவில் அசையாத சுருதி மறுபடி திரும்பும், இருட்டாக. நம்பிக்கையோடு காத்திருங்கள், கடைசியில் கதவு உடைந்து வெயில் உள்ளே வருகிறது.

இரண்டாம் பகுதி பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். கிராமத்து ஆட்டம், காலைத் தரையில் அடித்து ஆடுவது. அடியில் பாஸ் வாத்தியங்கள் ச–ப, ச–ப என்று குத்திக்கொண்டே இருக்கும். சுமார் 8 நிமிடம். தண்ணீர் குடித்துக்கொள்ளலாம்.

மூன்றாம் பகுதிக்கு ஃபேனை நிறுத்துங்கள். டிம்பனி என்ற பெரிய முரசு மட்டும் மெதுவாக ச, ப, ச, ப. நடக்கிற கால். அதன்மேல் ஒற்றை டபுள் பாஸ், அதற்குப் பழக்கமில்லாத மேல் ஸ்தாயியில், தொண்டை அடைத்த குரலில் ஒரு மெட்டை வாசிக்கும். வேலூர் மிஷன் பள்ளிகளில் படித்தவர்களுக்கு அந்த மெட்டு தெரியும், 'ஆர் யூ ஸ்லீப்பிங், பிரதர் ஜான்' என்று எல்.கே.ஜி.யில் பாடியது. ச ரி க ச, ச ரி க ச. ஆனால் அந்தர காந்தாரம் இருந்த இடத்தில் சாதாரண காந்தாரம். ஒரு ஸ்வரம் அரைப்படி இறங்கியதும் குழந்தைப் பாட்டு சவ ஊர்வலமாகிவிட்டது. ஒவ்வொரு வாத்தியமாக வந்து அதே மெட்டில் சேர்ந்துகொள்ளும். காட்டு விலங்குகள் ஒன்றாகச் சேர்ந்து வேடனின் சவப்பெட்டியைத் தூக்கிப் போகிற மரச்செதுக்குப் படம் ஒன்று ஆஸ்திரியாவில் பிரபலம், மோரிட்ஸ் ஃபான் ஷ்விண்ட் வரைந்தது. மாலர் மனதில் இருந்தது அதுதான்.

கொஞ்ச நேரம் கழித்து, துக்கத்துக்கு நடுவே, சம்பந்தமே இல்லாமல் ஒரு பேண்டு செட் புகுந்துவிடும். ஓபோ என்ற குழல், ட்ரம்பெட், கூடவே 'டும்–ஜிங்' என்று டிரம்மும் சிம்பலும். அந்தச் சிம்பலைப் பாஸ் டிரம்மின் மேலேயே கட்டி, ஒரே ஆள் இரண்டையும் அடிக்க வேண்டும் என்று குறித்திருக்கிறார் மாலர். தெருவில் போகும் பேண்டின் மலிவான ஓசை அவருக்கு அப்படியே வேண்டும். புடாபெஸ்ட் கூட்டத்துக்கு இந்தப் பகுதி பெரிய குழப்பத்தை உண்டாக்கியது. இது அழுகையா, கேலியா?

எனக்கு இது குழப்பமாகவே இல்லை. பாலாற்றங்கரைச் சுடுகாட்டை நோக்கிப் போகும் ஊர்வலத்தைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் இருக்காது. பம்பையும் பறையும் முன்னால், சில வீடுகளில் பேண்டு செட்டும் உண்டு. இளவட்டங்கள் ஆடிக்கொண்டு போவார்கள், பூ பறக்கும், பின்னால் பாடையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் கதறிக்கொண்டு வருவாள். இரண்டும் ஒரே தெருவில், ஒரே நேரத்தில், ஒன்றை ஒன்று பொய்யாக்காமல் நடக்கும். எங்கள் தெருவில் பம்பை அடிக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஒருநாள் அவருக்கு ஹெட்போனை மாட்டி இந்தப் பகுதியைப் போட்டேன். எதுவும் சொல்லித் தரவில்லை. பேண்டு வந்த இடத்தில் என்னைப் பார்த்து, "இன்னா தம்பி, சாவு ஊட்ல கல்யாண செட்டு பூந்துக்குது?" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு முடிவுவரை தொடையில் தாளம் போட்டபடி கேட்டார்.

மாலருக்கும் இது கற்பனை இல்லை. 1910-இல் மனநல மருத்துவர் ஃபிராய்டைச் சந்தித்தபோது சிறுவயதுச் சம்பவம் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். அப்பா அம்மா கடுமையாகச் சண்டை போட, தாங்காமல் தெருவுக்கு ஓடினாராம். அங்கே ஒருவன் கைப்பிடியைச் சுழற்றினால் இசைக்கும் பெட்டியில் ஒரு குதூகலமான தெருப்பாட்டை வாசித்துக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து துயரமும் தெருப்பாட்டும் அவருக்குள் சேர்ந்தே இருந்தன.

ஊர்வலம் தூரத்தில் போய்த் தேய்ந்து மறையும். உடனே, மூச்சு விட இடம் கொடுக்காமல், நான்காம் பகுதி. நீங்கள் ஏற்கெனவே ஒலியளவு வைக்கக் கேட்டிருந்தாலும் தூக்கிவாரிப் போடும். பொத்தானைத் தொடாதீர்கள். இது சுமார் 20 நிமிடம், புயலும் ஓய்வும் மாறி மாறி வரும், முதல் தடவை கேட்கும்போது நீளமாகத் தோன்றலாம். இரண்டு இடங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, புயல் முதன்முறை அடங்கியதும் வயலின்கள் எடுக்கும் நீண்ட மெட்டு. இன்னொன்று, பாதிக்கு மேல் திடீரென்று எல்லாம் நின்று, முதல் பகுதியின் விடியற்காலையும் குயிலும் நினைவு மாதிரி திரும்பிவருவது. அது கண்ணுக்குத் தண்ணீர் வரவழைக்கிற இடம்.

முடிவில் ஏழு ஹார்ன் வாசிப்பாளர்களும் எழுந்து நிற்க வேண்டும் என்று மாலர் எழுதியிருக்கிறார். பதிவில் அதைப் பார்க்க முடியாது, கேட்க முடியும். அதுவரை கூட்டத்துக்குள்ளிருந்து வந்த ஹார்ன் ஒலி, மேலே எழும்பித் தனியாகத் தெரியும். அவர்கள் முழங்குவது என்ன தெரியுமா? முதல் நிமிடத்தில் காதுக்கு எட்டியும் எட்டாமலும் இறங்கிய அதே ச–ப இறக்கம்தான், இப்போது வெற்றி முழக்கமாக.

எந்தப் பதிவு

முதல்முறைக்கு இவான் ஃபிஷர் நடத்திய புடாபெஸ்ட் ஃபெஸ்டிவல் ஆர்க்கெஸ்ட்ரா பதிவைச் சொல்வேன், 2012-இல் வெளியானது. தூரமும் பக்கமும் அவ்வளவு தெளிவாக விழுகிற பதிவுகள் அதிகம் இல்லை. இந்த சிம்பொனி முதலில் அரங்கேறிய ஊர்க்காரர்கள் வாசிப்பது என்பதிலும் எனக்கு ஒரு சந்தோஷம்.

இரண்டாம் முறைக்கு ரஃபேல் குபெலிக், பவேரிய வானொலி ஆர்க்கெஸ்ட்ரா, 1967. அவர் முதல் வயலின்களை இடப்பக்கமும் இரண்டாம் வயலின்களை வலப்பக்கமும் உட்கார வைப்பார், மாலர் காலத்து வழக்கமும் அதுதான். இயர்போனில் இரண்டு காதுக்கும் நடுவே பேச்சுவார்த்தை நடப்பது மாதிரி இருக்கும்.

மூன்றாவதாக, புரூனோ வால்டர், கொலம்பியா சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா, 1961. வால்டர் இளைஞராக ஹாம்பர்க்கில் மாலரிடமே வேலை பார்த்தவர். இதைப் பதியும்போது அவருக்கு 84 வயது, அடுத்த ஆண்டு இறந்துவிட்டார். பின்னணியில் பதிவு நாடாவின் லேசான இரைச்சல் இருக்கும், இரண்டு நிமிடத்தில் காது அதை மறந்துவிடும். மூன்றாம் பகுதியின் பேண்டு செட் இடத்தை அவர் அவசரப்படுத்தாமல், அன்போடு நடத்துகிறார்.

மூன்றையும் ஒரே வாரத்தில் கேட்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு மாதமாவது போகட்டும். ஒப்பிட்டுப் பார்க்க ஆசை வந்தால் முழுவதையும் போட வேண்டியதில்லை. தொலைவு ட்ரம்பெட், செல்லோ மெட்டு எடுக்கிற நொடி, ஒற்றை டபுள் பாஸ், இந்த மூன்று இடங்களைப் போட்டுப் பார்த்தாலே ஒவ்வொரு நடத்துநரும் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். ஒரு நோட்டில் அந்த இடங்களின் நிமிடத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பதிவுக்குப் பதிவு கொஞ்சம் மாறும்.

முடிந்தவுடன் அடுத்த பாட்டு தானாக ஓடாமல் இருக்க அந்த அமைப்பையும் அணைத்துவிடுங்கள், முன்னால் சொல்ல விட்டுப்போயிற்று. கடைசி இரண்டு அடி விழுந்தபிறகு ஒரு நிமிடம் அப்படியே இருங்கள். தை மாதமாக இருந்தால், அந்நேரம் காட்பாடி பக்கமிருந்து ஒரு வண்டியின் ஹார்ன் கேட்கும்.